நாற்பத்தொரு தர்பூசணியும் ஒரு பதவி உயர்வும்

பொறுப்பாளர் நான்காவது பழத்தையும் வெட்டினார். அதிலும் விதை இருந்தது. ஒன்றிரண்டு என்றால் கண்டும் காணாமல் விடலாம். இது குடும்பம் குட்டியோடு குடியேறியிருந்தது.

"என்னய்யா இது?" என்றார் தோட்டக்காரரிடம்.

"விதை சார்."

"அது எனக்கும் தெரியும். ஏன் இருக்கு?"

"நான் தண்ணி பாய்ச்சுறவன் சார். உள்ள யாரு இருக்கா, யாரு இல்லைன்னு நான் எட்டிப் பார்க்கிறதில்லை."

ஆராய்ச்சிப் பண்ணையின் வாசலில் ஆளுயரப் பலகை நின்றது: 'விதையில்லாத் தர்பூசணித் திட்டம்.' திட்டத்தைப் பெற்று வளர்த்த விஞ்ஞானி அம்மாள் பிரசவ விடுப்பில் போய்விட்டார். அந்த விடுப்பைக் கொடுத்தவர்தான் இந்தப் பொறுப்பாளர். இருபத்திரண்டு வருடம் விடுப்புப் பிரிவில் உட்கார்ந்தவர். வேறு ஆள் கிடைக்காததால், "லீவு குடுத்தவரே பண்ணையையும் பார்த்துக்கட்டும்" என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

விடுப்புப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. விண்ணப்பத்தில் மேலே இருப்பதெல்லாம் பொய், கடைசி வரி மட்டுமே நிஜம். அதனால் விஞ்ஞானி அம்மாள் விட்டுச்சென்ற நாற்பது பக்கக் கோப்பிலும் அவர் கடைசி வரியை மட்டும் கவனமாகப் படித்திருந்தார்: 'மூன்று தொகுதி குரோமோசோம்களை இரண்டாகச் சமமாகப் பங்கிட முடியாது, ஆகவே பழத்தில் விதை இராது.'

அவருக்கு நன்றாகவே புரிந்தது. மூன்று செருப்பை இரண்டு பேருக்குப் பங்கு வைத்தால் யாரும் ஊர் போய்ச் சேர முடியாது. அவ்வளவுதானே விஞ்ஞானம்!

இயக்குநர் மூன்று மணிக்கு வருகிறார். திருப்திப்பட்டால் இவர் பண்ணையின் நிரந்தரக் கண்காணிப்பாளர். இல்லாவிட்டால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். அங்கே இவருடைய நாற்காலியில் இப்போது இவருடைய உதவியாளன் உட்கார்ந்திருந்தான். தனக்குத் தலைவலி என்று அவனிடமே விண்ணப்பம் நீட்ட வேண்டும். நினைக்கும்போதே தலை வலித்தது.

விஞ்ஞானி அம்மாளுக்குப் போன் போட்டார். கணவர் எடுத்தார்.

"அவங்களைப் பிரசவ அறைக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. என்ன அவசரம்?"

"ஒண்ணுமில்லை சார், இந்த விதை விஷயமா..."

"வெச்சுடுய்யா போனை!"

பண்ணைக்குப் பின்னாலேயே குடியிருப்பு. அங்கிருந்து மனைவி சாப்பாட்டோடு வந்தபோது, அவர் பழத்தில் சன்னல் மாதிரி ஒரு துண்டை அறுத்துவிட்டு, உள்ளே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"உன் கொண்டை ஊசியைக் குடு."

"வீட்டுல ஒரு ஆணி அடிச்சுக் குடுக்க ஆளைக் காணோம். இங்க பழத்துக்குப் பேன் பார்க்கிறீங்களா?"

ஊசி வேலை அழகாகத்தான் நடந்தது. விதை முழுக்க வெளியே வந்தபோது சாறும் கூடவே வந்துவிட்டது. பழம் காற்றுப்போன பந்துபோல் சப்பென்று உட்கார்ந்தது.

"நடுப்பகுதியில விதை இருக்காதுங்க. அதை மட்டும் சதுரமா வெட்டித் தட்டுல வைங்க," என்றாள் மனைவி.

"வயல்ல மீதி கிடக்கே! ஏதாவது ஒண்ணைக் காட்டி 'வெட்டு'ன்னு சொல்லிட்டா?"

அதனால் நாற்பத்தொரு பழமும் அறுவடையாயின. நடுப்பகுதி தட்டுக்குப் போனது. மிச்சத்தை மண் சலிக்கும் சல்லடையைக் கழுவி அதில் பிழிந்தார்கள். சாறு ஆறு வாளி. விதை ஒரு வாளி.

விதையை வேலியோரம் குழிதோண்டிப் புதைத்தார். தோட்டக்காரர் மண்ணைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"ஈரமா இருக்கு சார். பத்தே நாள்ல மொத்தமும் முளைச்சு, வரிசையா நின்னு உங்களுக்குச் சலாம் போடும்."

தோண்டி எடுத்தார். அலுவலகத் தேநீர்க் கொதிகலனில் போட்டு முக்கால் மணி நேரம் வேகவைத்தார். வெந்த விதையிலும் முளை தெரிவதுபோல் அவருக்குத் தோன்றியது. வேலிக்கு அந்தப்பக்கத்துக் கோழிகளுக்குக் கொட்டினார். கோழிகள் அவரை நன்றியோடு பார்த்தன. பண்ணைக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு அங்கே கிடைத்த முதல் மரியாதை அது.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. இயக்குநர் முன்னால் இறங்கினார். பின்னால், கையில் ஒரு தகரப் பெட்டியோடு, தலைமை அலுவலகத்து விதைக்கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் இறங்கி ஓரமாக நின்றார்.

இயக்குநர் பதினான்கு துண்டு சாப்பிட்டார். ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு விதைகூட இல்லையே!"

"திட்டத்தோட பேரே அதுதானே சார்."

"வயல் காலியா இருக்கே?"

"எல்லாத்தையும் பறிச்சுச் சோதிச்சாச்சு சார். நாப்பத்தொரு பழம். இந்தப் பண்ணையில இப்ப தேடினாலும் ஒரு விதை கிடைக்காது. அதுக்கு நான் பொறுப்பு."

பொய் என்று எவரும் சொல்ல முடியாது.

இயக்குநருக்குக் கண் கலங்கியது. அங்கேயே பேனாவைத் திறந்து எழுதினார்: 'மொத்த விளைச்சலிலும் ஒரு விதைகூட இல்லை என்பதை நேரில் கண்டேன். இச்சாதனை முழுக்க முழுக்க இவரையே சேரும். இவரை நிரந்தரக் கண்காணிப்பாளராக நியமிக்கிறேன்.' கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். மனைவி முதல் தடவையாகக் கணவனை ஒரு மனிதனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

புதிய கண்காணிப்பாளர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தட்டை விதைக்கிடங்கு அம்மாளிடம் நீட்டினார். "நீங்களும் ஒரு துண்டு எடுத்துக்குங்கம்மா."

அந்த அம்மாள் தட்டைத் தள்ளிவிட்டுத் தகரப் பெட்டியைத் திறந்தார். "பழத்தை நீங்களே சாப்பிடுங்க சார், இது வெறும் தாய்ச்செடியில காய்ச்சது, அந்த மூணு தொகுதி குரோமோசோமும் இதோட விதைக்குள்ளதான் இருக்கு, அதை முளைக்கப் போட்டாத்தான் அடுத்த வருஷம் விதையில்லாப் பழமே காய்க்கும்னு விஞ்ஞானி அம்மா நாலு வருஷமா காத்துக்கிட்டு இருக்காங்க... எங்க சார் விதை?"