லயத்துக்கே ஒரு போன்

"பெரியவரே, போனை எடுங்க. பாக்கணும்."

சோதனைச்சாவடிக் காவலர் கையை நீட்டியதும் சுருளிவேல் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார்.

கேரளத்து ஏலப்பாறையிலிருந்து வந்த ஜீப் தமிழ்நாட்டு எல்லையில் நின்றுகொண்டிருந்தது. காவலர் இளவட்டம்தான். எல்லாரிடமும் பெயரும் போன் நம்பரும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவர், சுருளிவேல் நம்பரைச் சொன்னதும் பேனாவை நிறுத்தினார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அதற்கப்புறம்தான் இந்த வில்லங்கம்.

அந்தப் போன் பேருக்குத்தான் சுருளிவேலுடையது. அவர்கள் குடியிருக்கும் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், டவர் ஒழுங்காகக் கிடைப்பது அது ஒன்றில்தான். ராமுத்தாயின் ரேஷன் ஓடிபி அதில் வரும். மாரீஸ்வரி மாமியாரைத் திட்டி அக்காவுக்கு அனுப்பும் குரல் பதிவுகள் அதில்தான் இருக்கும். இந்துவுக்குக் கௌசிக் என்றொருவன் அனுப்பும் காதல் சேதிகளும் அதில்தான். இந்துவின் போனை அவள் அப்பா ஈஸ்வரன் பிடுங்கி வைத்துக்கொண்டதிலிருந்து இந்த ஏற்பாடு. கௌசிக் யார், எந்த ஊர் என்றெல்லாம் சுருளிவேல் விசாரித்ததில்லை. தெரிந்துகொண்டால் அப்புறம் தெரியாது என்று சொல்ல முடியாதே!

அந்த ஈஸ்வரன்தான் இப்போது பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்துவுக்குத் தேனிப் பக்கம் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறார்கள். பெரிய மனுசராகக் கூட நிற்பதற்குச் சுருளிவேலும் அவர் மனைவி மூக்கம்மாளும். சம்பந்தப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்தே சுருளிவேல் இந்துவின் கண்ணில் படுவதில்லை. இரண்டு பக்கத்துக்கும் நல்லவராக இருக்க ஆசைப்பட்டவர், கடைசியில் இரண்டு பக்கமும் ஒளிய வேண்டியதாகிவிட்டது.

"சார்ஜ் இல்ல சார்" என்றார் சுருளிவேல்.

சட்டைப்பையில் போன் 'டிங்' என்றது. பாழாய்ப்போன ஓடிபி!

"பூட்டு நம்பர் மறந்துபோச்சு சார்."

"என்னண்ணே இப்படிச் சொல்லுதீக?" ஈஸ்வரன் உதவிக்கு வந்தார். "ஒண்ணு ரெண்டு மூணு நாலு. லயமே அதைத்தானே போடுது!"

சுருளிவேல் அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். மானம் போகும் நேரத்தில் மனுசனுக்கு எங்கிருந்தோ வீரம் வந்துவிடுகிறது.

"ஒரு மனுசன் போனைப் பாக்க ஒங்களுக்கு என்ன சட்டம் இருக்கு சார்? பையைப் பாருங்க, சீட்டைத் தூக்கிப் பாருங்க, வேண்டாங்கல. போனுக்குள்ள என்ன கஞ்சாவா இருக்கு?"

அதுவரை அந்த வண்டியில் யாரும் உச்சரிக்காத வார்த்தை அது. டிரைவர் பினு என்ஜினையே அணைத்துவிட்டான்.

"சேட்டா, கொடுத்துடு. என் பெர்மிட் போயிடும்" என்று கெஞ்சினான்.

"சட்டமா? அது... உண்டு" என்றார் காவலர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "மேலிடத்து உத்தரவு."

சுருளிவேல் போனைச் சட்டையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். பையைக் கொட்டினால் நாலு வேட்டி கலையும், மடித்து வைத்துக்கொள்ளலாம். இதைக் கொட்டினால் ஒரு லயமே கலைந்துபோகும். நம்பிக் கொடுத்தவர்கள் யாரும் இங்கே நின்று வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. அவர்களுக்காகவும் அவர்தானே சொல்ல வேண்டும்? இந்துவின் பெயர் இந்த இடத்தில் வெளியே வந்தால், ஈஸ்வரன் நாளைக்கே தாலி கட்ட வைத்துவிடுவார்.

"ஒளிக்கிற அளவுக்கு அப்படி என்னதாண்ணே இருக்கு?" ஈஸ்வரன் குரலில் இப்போது சந்தேகம் ஏறியிருந்தது. "குடுங்க, நானே தெறந்து காட்டுதேன்."

அவர் கை நீண்டது. சுருளிவேல் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"வேண்டாம்யா! அதுல ஒரு பொம்பள விசயம் கெடக்கு. எனக்கு... வேண்டப்பட்டவ."

பின் சீட்டிலிருந்து மூக்கம்மாள் எழுந்த வேகத்தில் கூரைத் தார்ப்பாய் மேலே தூக்கியது.

"எவ அவ?"

"ஏ மூக்கம்மா, அது வந்து..."

"வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குது, இதுல இன்னொருத்தி கேக்குதோ? கொண்டாங்கய்யா அந்தப் போனை!"

"சீ! இந்த ஆளையா பெரிய மனுசன்னு சம்பந்தம் பேசக் கூட்டிட்டு வந்தேன்?" என்று ஈஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டார்.

சுருளிவேலுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. ஆனால் போனை விடவில்லை. மூக்கம்மாளின் கை ஒரு பக்கம், ஈஸ்வரனின் கை ஒரு பக்கம். நடுவில் காவலர் புகுந்து அவரைக் கீழே இறக்கினார்.

"மத்தவங்க வண்டியிலேயே இருங்க. இவரை மட்டும் விசாரிக்கணும்."

சாவடி அறைக்குள் போனதும் காவலர் கதவைச் சாத்தினார். சுருளிவேல் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், என்னைய என்ன வேணாலும் எழுதிக்கோங்க. கள்ளக்கடத்தல்னு எழுதுங்க, ஒத்துக்கிடுதேன். பாத்தே தீரணும்னா பாருங்க, ஆனா வாய்விட்டு வாசிச்சுராதீக. ஒரு பொம்பளப் பிள்ளையோட வாழ்க்கை அதுல கெடக்கு."

காவலர் போனை வாங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ரேஷன் ஓடிபியை அவர் பார்க்கவில்லை, மாரீஸ்வரியின் சண்டையைக் கேட்கவில்லை. விரல் நேராக ஒரே இடத்துக்குப் போயிற்று.

சுருளிவேல் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இப்போது வாசிப்பார், இப்போது ஈஸ்வரனைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தார். வெளியே லாரிகள் போகிற சத்தம்தான் கேட்டது. மெல்லக் கண்ணைத் திறந்தார்.

காவலர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"மாமா, போனைப் பாக்க எனக்குச் சட்டமும் இல்ல, உத்தரவும் இல்ல. நான் அனுப்பினதெல்லாம் பாத்துட்டுத்தான் இந்து பதில் போடாம இருக்காளா, இல்ல நீங்க அவகிட்ட காட்டவே இல்லையா?"