பினாயில் அண்ணாச்சியும் இருபது வாழைக் குருத்துகளும்

சோப்புக் கட்டியைக் கழுவிவிட்டு அப்புறம் கை கழுவும் மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் பாளையங்கோட்டையில், நான் வேலைக்குச் சேர்ந்த பெண்கள் பள்ளியில், ஆய்வக உதவியாளராக வந்து வாய்த்தது யார் செய்த பாவமோ தெரியவில்லை. இயற்பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் பினாயில் அண்ணாச்சி.

நான் உயிரித் தொழில்நுட்பத்தில் முதுகலை முடித்த கையோடு, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் செய்முறை கற்றுத்தர வந்தவள். டிஎன்ஏவைப் படமாக வரைந்தே படிப்பை முடித்துவிடுகிற தலைமுறையை ஒற்றை ஆளாகத் திருத்திவிடுவதாகத் திட்டம். குறுக்கே வாளியும் துடைப்பமுமாக அண்ணாச்சி நின்றார்.

அந்த மனிதர் வெள்ளிதோறும் எலும்புக்கூட்டுக்குப் பல் தேய்த்துவிடுவார். சேலையில் சாக்பீஸ் தூள் இருக்கிறதென்று கணக்கு டீச்சரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். தலைமையாசிரியை பார்வையிட வந்த அன்று, தலையில் இருந்த பூவை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார். அந்தம்மா வைத்துவிட்டும் வந்தார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

முதல் மோதல் பாக்டீரியாவில் வந்தது. வயல் மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிர்களைப் பிள்ளைகள் கண்ணாடித் தட்டுகளில் மூன்று நாளாக வளர்த்திருந்தார்கள். நாலாம் நாள் காலையில் வந்து பார்த்தால், தட்டுகள் பளபளவென்று கவிழ்ந்து கிடக்கின்றன.

"எல்லாம் பூசணம் பிடிச்சுக் கெடந்துச்சு டீச்சர். கழுவிட்டேன்," என்றார், பாராட்டை எதிர்பார்த்து.

அரை மணி நேரம் அவருக்கு நுண்ணுயிரியல் வகுப்பெடுத்தேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வளக்கதுக்கு வேற நல்ல ஜீவன் எதுவும் கிடைக்கலியா?" என்றார்.

வெறுத்துப்போய் வாழைக்கு மாறினேன். முக்கூடல் பக்கம் திசு வளர்ப்பில் வாழைக் கன்று தயாரிக்கும் கூடம் ஒன்று இருக்கிறது. அதன் உரிமையாளர் வாக்குக் கொடுத்திருந்தார்: கிருமி இல்லாத ஐந்து பாட்டில் குருத்துகளோடு வரும் பிள்ளைக்குக் கோடை விடுமுறையில் பயிற்சி, நன்றாகச் செய்தால் பிற்பாடு வேலை. எங்கள் ஜெசிந்தா அதைக் கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. கடற்கரை ஊர்ப் பெண், விடுதியில் தங்கிப் படித்தாள். பிளஸ் டூ முடித்ததும் இறால் கம்பெனி என்று அவள் அப்பா முடிவு செய்துவிட்டார். படித்தால் இன்ன வேலை கிடைக்கும் என்று கண்ணால் காட்டினால்தான் அவர் மனம் மாறும்.

செய்முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஜாம் பாட்டிலில் சத்துக்கூழ் ஊற்றி, குக்கரில் அவித்து ஆறவைக்க வேண்டும். வாழைக் கன்றின் நடுக்குருத்தைச் சிறு துண்டாக வெட்டி அதில் இறக்கி மூட வேண்டும். ஒரு கிருமி உள்ளே போனாலும் போச்சு; கூழ் முழுக்கப் பரவிக் குருத்தைக் கொன்றுவிடும்.

முதல் தடவை, இருபது பாட்டிலிலும் மூன்றே நாளில் பாலாடை மாதிரி படர்ந்துவிட்டது. இரண்டாம் தடவையும் அப்படியே. எனக்குச் சந்தேகமே இல்லை, எல்லாம் அந்த நாற்றம் பிடித்த வாளியின் வேலை. நேராகத் தலைமையாசிரியையிடம் போய், இந்த ஆள் இருக்கும்வரை ஆய்வகத்துக்குள் அறிவியல் வராது என்று சொல்லிவிட்டேன். பூவைக் கழற்றி வைத்த அந்தம்மா, பார்க்கலாம் என்றதோடு சரி. ஜெசிந்தா அழுதுகொண்டே பாட்டில்களைக் கழுவினாள். கூழ்ப் பொடி இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருந்தது.

மூன்றாம் தடவை. பேச வசதியாக முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, விளக்கிக்கொண்டே நான் மூன்று பாட்டில் முடித்திருந்தேன். நாலாவதைத் திறக்கப் போகும்போது வாசலில் இருந்து குரல் வந்தது.

"டீச்சர், பைய வெளிய வாங்க."

எதற்கு என்று கேட்டேன்.

"கோவப்படாதிய. நானும் ரெண்டு தடவ பாத்துட்டேன். ஒவ்வொரு மேசையா போயி, தொறந்த பாட்டிலுக்கு மேல நின்னு பாடம் நடத்துதிய. எச்சி பூரா உள்ள விழுது. நம்ம வாயில இருக்கத விடவா என் வாளியில இருக்கு?"

பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது.

என்னைச் சன்னலுக்கு வெளியே நிறுத்திவிட்டார். உள்ளே ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையையும் முகர்ந்து பார்த்து, இரண்டு பேரை மறுபடி கழுவ அனுப்பினார். ஜெசிந்தாவுக்குத் தும்மல் வந்தபோது, கொலைகாரியைத் துரத்துவதுபோல வராந்தாவரை விரட்டினார். அதன்பின் ஒரு மணி நேரம் பேச்சே இல்லை. நான் கம்பி வழியாகச் சைகையில் பாடம் நடத்தினேன். அவர் வந்து சன்னலைச் சாத்தினார்.

பத்து நாள் கழித்துப் பதினேழு பாட்டில்களில் குருத்து பச்சை பிடித்திருந்தது. கெட்டுப்போன மூன்றையும் என் மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் 'டீச்சர்' என்று எழுதி ஒட்டியிருந்தார் அந்தப் படுபாவி.

பச்சை பிடித்ததில் ஐந்து பாட்டிலோடு பயிற்சிக்குப் போன ஜெசிந்தா, இப்போது முக்கூடல் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் பார்க்கப் போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவள், பாட்டிலை விட்டுக் கண்ணை எடுக்காமல், வெளியே நிற்கும்படி தலையை மட்டும் ஆட்டினாள். அரை மணி நேரம் நின்றேன். வெளியே வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, என்னைப் பற்றியது இல்லை.

"அண்ணாச்சி எப்பிடி இருக்காவ டீச்சர்? ரிட்டையர் ஆனப்புறம் பாத்தியளா?"

நன்றாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றேன். ஞாயிறுதோறும் அவர் வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்கிவிட்டு வருவதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.