சாமை காய்ந்த சாய்தளம்

அந்த யோசனை எனக்குத் தோன்றிய நேரத்தில் கவிதா அக்கா அந்தரத்தில் இருந்தார்.

புதூர்நாட்டுப் பக்கம், ஜவ்வாது மலைமேல் எங்கள் ஊர். ஊராட்சி அலுவலகத்துக்குள் போக நான்கு படி ஏற வேண்டும். எங்கள் தெருவில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் கவிதா அக்காவுக்குச் சிறு வயதிலிருந்தே சக்கர நாற்காலி. ஒவ்வொரு கிராம சபைக்கும் இரண்டு பேர் வந்து, பலாப்பழத்தை ஜீப்பில் ஏற்றுவது போல அவரை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைப்பார்கள். அன்றும் தூக்கினார்கள். போகிற வழியிலேயே அக்கா தெருவிளக்கு எரியாதது பற்றித் தலைவரிடம் சண்டையை ஆரம்பித்துவிட்டார். நல்ல சண்டை. ஆனால் "பாத்து, பாத்து, பின்னால தாங்கு" என்ற சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

வெளியே வந்ததும் சொன்னார்: "இதான் கடைசி. அடுத்த சபைக்கு நானா உள்ள போனா போறேன். இல்லாங்காட்டி போவவே மாட்டேன்."

எனக்குள் ஒரு பல்பு எரிந்தது. (தெருவிளக்குதான் எரியவில்லை.) நான் சிவில் டிப்ளமோ முடித்து, சும்மா இருக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்த காலம். வீட்டில் ஒரு கோழிக்கூண்டைக்கூடத் திருத்திக் கட்டாமல் விட்டதில்லை. மறுநாளே தலைவரைப் பிடித்தேன். அவர் சிமெண்டும் மணலும் வாங்கித் தந்தார். நண்பர்கள் கைகொடுத்தார்கள். படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் எழும்பியது.

அக்காவைக் கேட்டேனா? கேட்டால் அது எப்படி இன்ப அதிர்ச்சியாகும்? "அந்தப் பக்கம் வராதீங்க, வேலை நடக்குது" என்று சொல்லிவைத்தேன்.

கொடிக்கம்பம் குறுக்கே நின்றதால் நீளத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். (கொஞ்சம் என்றால், பாதி.) குறைந்த நீளத்தை அழகில் ஈடுகட்ட, மேல் பூச்சை முகம் பார்க்கிற அளவுக்கு வழவழவென்று தேய்த்தேன். இரண்டும் சேர்ந்தால் அதற்குப் பெயர் சறுக்குமரம் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.

கிராம சபை நாள் வந்தது. மாலை, ரிப்பன், கத்தரிக்கோல் சகிதம் போய்ப் பார்த்தால், என் சாய்தளம் முழுக்கச் சாமை. மேலிருந்து கீழ்வரை பொன்னிறமாகப் பரப்பி, நடுவில் காக்காய் விரட்ட ஒரு கறுப்புக் குடையும் விரித்து வைத்திருந்தது. எங்கள் ஊரில் மேடுபள்ளமில்லாத சிமெண்ட் தரை எங்கே கண்ணில் பட்டாலும், அது காய்வதற்குள் அதன்மேல் ஏதாவது காயும். இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த நான் அதை மறந்துபோனேன்.

சாமைக்குச் சொந்தக்காரர் முனியம்மா அத்தை. "இன்னா அத்தே இது?" என்று கத்தினேன்.

"இன்னாவா? கண்ணாடி மாதிரி தேச்சுப் போட்டா வேற இன்னா பண்ணுவாங்க? நம்ம புள்ள களம் கட்டிக் குடுத்துச்சேன்னு காலைல இருந்து உன்னைத்தான் வாழ்த்திக்கினு இருக்கேன்!"

அதற்குள் கவிதா அக்கா வந்துவிட்டார். சாய்தளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதுல நான் ஏறணுமா?"

"ஈசிக்கா! சாமையக் கொஞ்சம் ஒதுக்கிட்டா..."

"நீ ஏறிக் காட்டு." பக்கத்து பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்து, நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

மாலையையும் ரிப்பனையும் கொடிக்கம்பத்தில் மாட்டினேன். துடைப்பத்தால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, ஊரே பார்க்க உட்கார்ந்தேன். சக்கரத்தை மூச்சுப் பிடித்துத் தள்ளினேன். பாதிவரை ஏறிவிட்டேன் என்று இன்றும் சாதிப்பேன். கால்வாசிதான் என்கிறார்கள் பார்த்தவர்கள். வழவழப்பில் மிச்சமிருந்த சாமை சக்கரத்தின் அடியில் உருண்டது. அப்புறம் நான் எதுவும் செய்யவில்லை, எல்லாம் தானாக நடந்தது. பின்பக்கமாகவே இறங்கி, கம்பத்து ரிப்பனை அறுத்து, ஒதுக்கிவைத்த சாமைக் குவியலில் மல்லாந்தேன். மாலை மட்டும் சரியாக என் கழுத்தில் விழுந்திருந்தது.

"ஐயோ!" என்று பதறினார் அக்கா. "என் வண்டிக்கு ஒண்ணும் ஆவலியே?"

வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊர் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. நான் எழுந்து நாற்காலியை அக்காவிடம் தள்ளிக் கொடுத்தேன். சபை தொடங்கப் போகிறது, அக்கா இன்னும் வெளியே இருக்கிறார். வழக்கமாகத் தூக்கும் இருவரும் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார்கள். அக்கா தலையாட்டி மறுத்துவிட்டார்.

அப்போது முனியம்மா அத்தை, என் தலையிலிருந்த சாமையைத் தட்டிக்கொண்டே, "கவிதா ஏறாதுன்னா நாம எறங்குவோம். தலைவரே, சேரைத் தூக்கிக்கினு வெளிய வாங்க" என்றார்.

தலைவர் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அன்று கிராம சபை வாசலில் நடந்தது. அக்கா பேசும்போது யாரும் "பாத்து, பாத்து" சொல்லவில்லை. தெருவிளக்கைக் கேட்டார். ஊருக்கு ஒரு நெற்களம் மாதிரி சாமைக்களம் கேட்டார். "உங்களுக்குக் காயப்போட எடம் இல்லாம, எனக்கு வழி கிடைக்காது" என்றார். கடைசியாக, கொடிக்கம்பத்தை நகர்த்திச் சாய்தளத்தை நீளமாக, சொரசொரப்பாக, கைப்பிடியோடு கட்டச் சொன்னார். மூன்றுக்கும் எல்லாக் கையும் உயர்ந்தது. என் கை முதலில்.

புது சாய்தளத்துக்கு அளவு சொன்னது அக்கா. நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்தேன். இப்போது அவர் போகிற வேகத்துக்கு நாங்கள்தான் ஒதுங்க வேண்டும். விழுந்தவனைக் கேலி செய்த கையோடு, என்னை வேலையை விட்டுத் துரத்தாமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டதற்கு அவருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். வீட்டில்தான் மன்னிப்பு இல்லை. "எனக்கு ஒரு ஐடியா" என்று நான் வாயெடுத்தால், அம்மா உடனே துடைப்பத்தை எடுத்து எனக்கு முன்னால் தரையைக் கூட்டிவிடுவார்.

அடுத்தது ஜீப். திருப்பத்தூர் போகும் ஜீப்பில் பின்பக்கம், சக்கர நாற்காலி ஏற மடக்குப் பலகை ஒன்று மாட்டப் போகிறோம். டிரைவர் அண்ணன் சம்மதித்துவிட்டார். முதல் பயணத்தில் அக்காவுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்து துணை போவது என்று ஆர்வமாகக் கேட்டேன்.

"நீ எதுக்குடா?" என்றார் அக்கா. "நான் தனியா போய்ட்டு வரத்தானே இவ்ளோவும்?"