ஐம்பத்தெட்டுக் கிலோ மச்சான்

அரம் போய் வருகிறது. ஒரு கை தண்டின் முனையை அழுத்திப் பிடிக்க, மறு கை அரத்தைத் தள்ள, கட்டைவிரல் மட்டும் அவ்வப்போது ஓரத்தைத் தடவிப் பிசிர் தேடுகிறது. இருபது வருஷத்தில் இந்த லேத் பட்டறைக்காரர் செய்து அனுப்பிய சாமான் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இன்று காலை ஒன்று வந்துவிட்டது.

கொண்டுவந்தவர் கூட்டல் வீரர். இந்த இனம் உங்களுக்குத் தெரிந்ததுதான். உடற்பயிற்சிக் கூடத்தில் கண்ணாடிக்கு மிக அருகில் நிற்கும். வலது கையால் முப்பது கிலோவைத் தலைக்கு மேல் தூக்கும், இடது கையால் இருபத்தெட்டு. தூக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சாயும், முதுகு முட்டுக்கொடுக்கும், தாடைகூடத் தன்னால் ஆன உதவியைச் செய்யும். அதெல்லாம் கணக்கில் வராது. கைகளை மட்டும் கூட்டும். முப்பதும் இருபத்தெட்டும் எவ்வளவு? பள்ளிக்கூடத்தில்கூட இவர் இத்தனை நம்பிக்கையோடு கூட்டியதில்லை.

அந்த நம்பிக்கையில்தான் அக்காவின் கணவரான பட்டறைக்காரரிடம், தூக்கிக் காட்ட ஐம்பத்தெட்டுக் கிலோவில் ஓர் இரும்புத் தண்டு கடையச் சொன்னார். மாமாவும் கிராம் பிசகாமல் கடைந்து, முனையில் ஐம்பத்தெட்டு என்ற எண்ணையும் அடித்துக் கொடுத்தார். வீரர் கூடத்தில் எல்லாரையும் கூட்டிவைத்து, இரண்டு கையாலும் பிடித்து, ஒரு ஹூங்காரம் போட்டார். தண்டு மார்பு வரை வந்தது. அங்கேயே குடியேறிவிட்டது.

வீரர் தன் கையைச் சந்தேகப்படுவாரா?

“எடை ஜாஸ்தியாப் போட்டுட்டீங்க மாமா.”

பட்டறைக்காரர் தண்டைத் தராசில் ஏற்றினார். ஐம்பத்தெட்டு.

“அப்ப தராசுலதான் கோளாறு.”

“தராசுல இல்லடா,” என்றாள் வாசலில் நின்று துணி உதறிக்கொண்டிருந்த அக்கா. “போன வாரம் நீயும் உன் மாமாவும் பீரோவ நகர்த்துனீங்களே, மறந்துபோச்சா? தனித்தனியா விட்டா ஆளுக்கொரு பீரோவ இழுப்பீங்க. சேத்து விட்டா, மாமா இழுக்கட்டும்னு நீ, மச்சான் இழுக்கட்டும்னு அவரு. உன் ரெண்டு கையும் அப்படித்தான், உன் உடம்புலதானே ஒட்டியிருக்கு?”

பட்டறைக்காரர் லேசாக இருமிக்கொண்டார். “ரெண்டையும் சேத்தே பழக்கு மச்சான். நாலஞ்சு மாசத்துல ஏறிடும்.”

“மாசமா? நாளைக்கே எல்லாரும் பாக்க வராங்க மாமா! கொஞ்சம் சுரண்டிக் குடுங்க. நம்பர் மட்டும் அப்படியே இருக்கட்டும்.”

பட்டறைக்காரர் ஒரு கிலோ குறைத்தார். தண்டு மார்பைத் தாண்டவில்லை. இன்னொன்று, கழுத்து. இன்னும் இரண்டு, மூக்கு. ஐம்பத்திரண்டில் தண்டு தலைக்கு மேல் போனது. மச்சானின் புகழும் கூடவே போனது.

அப்போது பட்டறைக்காரர் எடுத்த அரம்தான், முதலில் பார்த்தீர்களே, அது.

“ஐயோ மாமா, அது நம்பரு!”

“தெரியும்.”

ஐம்பத்தெட்டு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதே இடத்தில் எண் அச்சை வைத்து, சுத்தியலால் இரண்டே அடி: ஐம்பத்திரண்டு. எண்ணெய்த் துணியால் துடைத்து, இரண்டு கையாலும் தண்டை நீட்டினார். மச்சான் வாங்கிக்கொண்டார். அவர் உள்ளங்கை, தற்செயலாகத்தான், எண்ணின் மேல் படிந்திருந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் படிக்கும்போது நடுவில், உங்கள் வலது கை இவ்வளவு, இடது கை இவ்வளவு என்று மனசுக்குள் ஒரு கூட்டல் போட்டீர்களே, அது பட்டறைவரை கேட்டது. உங்களுக்கும் ஒன்று கடைந்து தருவார். எடையை நீங்கள் சொல்லுங்கள். எண்ணை அவர் அடிப்பார்.