பெருசு வாயை நான் அடைத்த கதை

சில பேர் குடியால் கெட்டார்கள், சில பேர் சீட்டாட்டத்தால். நான் கெட்டது பிடிவாதத்தால். அதுவும் ஒரு மெயில் ப்ரோகிராம் விஷயத்தில்.

அதில் மவுஸ் கிடையாது, படம் கிடையாது. கருப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால் மெயிலைக் காட்டும், இன்னொன்றைத் தட்டினால் அனுப்பும். நான் பாவாடை சட்டை போட்டுத் திரிந்த காலத்தில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் எழுதியது. அவருக்கு அலுத்துப்போனதும் நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன். கோயமுத்தூர் கம்பெனி ஒன்றில் சம்பளத்துக்கு வேலை, மிச்ச நேரத்தில் இதற்குப் பராமரிப்பு. இதில் சம்பளம் இல்லை, உபயோகிக்கிறவர்களிடமிருந்து திட்டு மட்டும் உண்டு. என் வீட்டுக்காரர் அதற்குப் 'பெருசு' என்று பேர் வைத்திருந்தார். (பெருசு இன்னிக்கு எந்திரிச்சுதா என்று காப்பி குடிக்கும்போது கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.)

அதோடு விட்டேனா? சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறி, எதுவானாலும் மெயில் போடுங்கள் என்று அறிவித்தேன். ஒருத்தரும் சட்டை செய்யவில்லை, எங்க அண்ணனைத் தவிர. அவர் மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருக்கிறார். எனக்காகவே ஒரு மெயில் முகவரி வாங்கி, மெயில் வந்தால் மணியடிக்கிற மாதிரி போனில் வைத்துக்கொண்டார். அதற்கு மெயில் போடுகிற ஒரே ஆள் நான்தான்.

என் மகளுக்குக் காதுகுத்து வந்தது. காங்கேயம் பக்கம் குலதெய்வம் கோயிலில், காலை பத்தரை மணிக்கு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அண்ணனுக்கு நான் ஒரே தங்கச்சி, இவள் ஒரே மருமகள். தோடு வாங்கிவிட்டு, சீர்த்தட்டில் என்னென்ன வைப்பது என்று அண்ணியைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தார். மடியில் வைத்துக்கொள்ளப் பட்டு வேட்டி வேறு எடுத்தாராம்.

முந்தின நாள் மத்தியானம் பூசாரி கூப்பிட்டார். பத்து மணிக்குமேல் வேறொருத்தர் கெடா விருந்தாம், நாங்கள் ஏழு மணிக்கே முடித்துக்கொண்டால் தேவலை என்றார். சரி என்றோம். உடனே பெருசைத் திறந்து அண்ணனுக்குத் தட்டினேன்: "அண்ணா, நேரம் மாறிருச்சுங்க. நாளைக்குக் காலைல ஏழு மணி. நீங்க வராம காது குத்த மாட்டோம்."

அனுப்பு என்றேன். பெருசு ஒன்றும் பேசவில்லை. பேசாதிருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம், எங்கள் தொழிலில் அப்படித்தான்.

"எதுக்கும் ஒரு போன் பண்ணிச் சொல்லிப்போடு" என்றார் வீட்டுக்காரர்.

மெயில் போகாவிட்டால் ப்ரோகிராமே சொல்லும், அதைக் கட்டி மேய்க்கிறவளுக்கே பாடமா என்று ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

காலையில் ஏழாகியும் அண்ணனைக் காணோம். வந்துகொண்டிருப்பார் என்றேன். அப்புறம்தான் போன் அடித்தேன், எடுக்கவில்லை. அவர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணி மடியில் சீர்த்தட்டு, ரெண்டு பேர் போனும் பைக்குள். பூசாரி அவசரப்படுத்தினார், ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார், மாமியார் முகம் கடுகடுத்தது. கடைசியில் என் சித்தப்பா பையனை, அவனும் மாமன் முறைதானே என்று, இழுத்து உட்கார வைத்தோம். பிள்ளை வீறிட்டு அழுதாள். நானும் அழுதேன். பிள்ளை அழுவதைப் பார்த்து அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

பத்து மணிக்கு அண்ணன் வேன் வந்து நின்றது. பட்டு வேட்டி கசங்காமல் இறங்கினார். தட்டோடு உள்ளே வந்தவர் பிள்ளையின் காதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒரு போன் போட்டிருக்கலாமல்ல அம்மணி?"

அவ்வளவுதான் கேட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். தட்டை வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கி, காதில் கை படாமல் மடியில் உட்கார வைத்துக்கொண்டார். சாப்பாட்டுப் பந்தி முடிகிறவரைக்கும் இறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பெருசைக் குடைந்தேன். அந்த வாரம்தான் என் மெயில் கம்பெனி, பழைய முறையில் பாஸ்வேர்டு கொடுக்கிற ப்ரோகிராம்களை உள்ளே விடுவதை நிறுத்தியிருந்தது. (பல மாதமாக அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. பார்க்கலாம், பார்க்கலாம் என்று நானும் இருந்தேன்.) அனுப்ப முடியவில்லை என்று பெருசு எப்போதுமே கத்திச் சொல்லும். புகார் அனுப்புகிறவர்கள் அந்தக் கத்தல் ரொம்பத் தொல்லை என்றார்கள் என்று, அதற்கு முந்தின மாதம் அதன் வாயை அடைத்தது நானேதான். போகாத மெயிலைச் சத்தமில்லாமல் வரிசையில் போட்டுவை, முடிகிறபோது அனுப்பு என்று எழுதியிருந்தேன். ஆஹா என்ன அழகான வேலை என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன் வேறு.

அடுத்த வாரம் முழுக்க உட்கார்ந்து புது முறையைச் சேர்த்தேன். ஓட்டிப் பார்த்தேன். வேலை செய்தது. அப்பாடா என்று எழுந்தேன். வரிசையில் ஒரு மெயில் நிற்பதை மறந்தே போனேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் போன்.

"அம்மணி, இப்பத்தான் மணியடிச்சுது. நாளைக்கு ஏழு மணிக்குக் காதுகுத்தாமா? நான் வராம குத்த மாட்டீங்களாமா. கெளம்பி வரட்டுங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது எனக்குக் கேட்டது.

இப்போது பெருசு மெயிலை அனுப்ப முடியாவிட்டால் திரை முழுக்கக் கத்துகிறது, கூடவே 'அவருக்குப் போன் பண்ணுங்கள்' என்று ஒரு வரியும் சொல்கிறது. இது எதற்கு என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு நான் பதில் போடுவதில்லை. எங்கள் வீடுகளில் யார் எந்த விசேஷத்துக்குத் தாமதமாக வந்தாலும், "என்ன, மெயில்ல வந்தீங்களா?" என்றுதான் வரவேற்பு. எல்லோரும் சிரிப்பார்கள், அண்ணனும்தான். காதுகுத்துப் போட்டோவை மட்டும் இன்னும் ஒருத்தரும் சுவரில் மாட்டவில்லை.