பிள்ளைக்காம்பராவில் பாதி வகுப்பு

என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேரை ஒரு நாள் நான் ஒளித்துவைத்தேன். திருட்டுச் சாமானை ஒளிப்பது போலத்தான். அப்போது நான் நோர்வூட் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையின் அதிபர். பட்டதாரி. பரிசளிப்பு விழாக்களில் கல்வியின் மேன்மை பற்றி, யாரும் கேட்காமலேயே அரை மணி நேரம் பேசக்கூடியவன்.

ஐந்தாம் தரத்தை நானே படிப்பித்தேன். ஒரே அறை. நாலு பேர் உட்காரும் வாங்கில் ஏழு பேர். ஓரத்துப் பிள்ளை ஒரு காலைத் தரையில் ஊன்றி, பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுத்தான் எழுத வேண்டும். ஒருவன் தும்மினால் அந்த வரிசை முழுவதும் எழுத்து கோணிப்போகும். (குளிர்காலத்தில் இது ஒரு வசதி. கம்பளிச் சட்டை தேவைப்படாது.) என் குரல் நாலாவது வாங்கு வரைக்கும் போகும். அதற்கு அப்பால் இருந்தவர்கள் என் வாயசைவைப் பார்த்தே கல்வி கற்றார்கள். கொப்பி திருத்தினால் முன் வாங்குகள் முடிவதற்குள் மணி அடித்துவிடும். பின் வாங்குக்காரர்கள் பரீட்சையில் தவறும்போது, "அக்கறையில்லாத பிள்ளைகள்" என்று பெற்றோர் கூட்டத்தில் வருத்தப்படுவேன். வருத்தப்படுவதில் நான் கெட்டிக்காரன்.

அப்படியிருக்க, ஹட்டனிலிருந்து தொலைபேசி வந்தது. ஐந்தாம் தரத்தைப் பார்க்க நாளைக்குக் கல்விப் பணிப்பாளர் வருகிறாராம். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒரே வகுப்பில் இத்தனை பேரை ஏன் அடைத்தாய் என்று விளக்கம் கேட்கத்தான் வருகிறார் என நானே முடிவு செய்தேன். காலையில் பின் வாங்குகளை எழுப்பி, பிள்ளைக்காம்பராவுக்கு நடத்திச் சென்றேன். (தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் தோட்டத்து அறை அது.) அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சரோஜா அக்காவிடம், "சமூகசேவைப் பயிற்சி" என்று சொன்னேன். அவர் வரிசையைப் பார்த்தார். தொட்டில்களைப் பார்த்தார்.

"இவங்களுக்கும் பால் கரைக்கணுமா சேர்?"

பணிப்பாளர் வந்தார். வாங்குக்கு மூன்று பிள்ளைகள், அத்தனையும் கை தூக்கும் பிள்ளைகள். அவர் கேள்வியை முடிக்குமுன் விடை வந்தது. நான் அடக்கமாகக் கண்ணாடியைத் துடைத்தேன்.

"நல்லா வச்சிருக்கீங்க அதிபர்," என்றார். "புதுசா ஒரு டீச்சர் வந்திருக்காங்க. வகுப்ப ரெண்டாப் பிரிக்கிறதுன்னா உங்களுக்குத் தரலாம்னு பார்க்க வந்தேன். இங்க தேவப்படாது போல. அக்கரப்பத்தனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடுறேன்."

என் வாய் திறந்தது. "நன்றி சேர்" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

மாலைக்குள் தோட்டம் முழுவதும் செய்தி பரவிவிட்டது. ஒரு தாய் கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"வர இருந்த டீச்சரத் திருப்பி அனுப்பிட்டீங்களாமே. எம் மகளுக்கு இன்னும் எழுத்துக் கூட்டி வாசிக்க வரல. தொட்டில் ஆட்டப் பழகவா சேர் பள்ளிக்கூடம் அனுப்புனேன்?"

மறுநாள் ஹட்டனுக்கு பஸ் ஏறிப் போய், பணிப்பாளரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் நம்பவில்லை. டீச்சர் கிடைப்பதற்காக நான் கதை கட்டுவதாக நினைத்தார். பொய் சொன்னபோது நல்ல அதிபர், உண்மை சொன்னதும் பொய்யன். சொல்லாமல் வந்து பார்ப்பேன் என்றார். அப்படியே வந்தார்.

அன்று வகுப்பு நிரம்பி வழிந்தது. பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளைகளை இரவல் வாங்கினீர்களா என்று கேட்டுவிட்டு, கடைசி வாங்கில் ஒரு சிறுமியைக் காட்டினார்.

"இந்தப் புள்ளயோட பேரு என்ன அதிபர்?"

எனக்குத் தெரியவில்லை. பக்கத்துப் பையன் பெயர்? அதுவும் தெரியவில்லை. அந்த வாங்கில் ஒரு பெயர்கூட எனக்குத் தெரியவில்லை. கூரையைப் பார்த்தேன். (அங்கேயும் எழுதியிருக்கவில்லை.) பணிப்பாளர் சிரித்துக்கொண்டே குடையை எடுத்தார்.

சிறுமி எழுந்தாள்.

"சேருக்கு எங்க பேரு தெரியாதுங்க. நாங்க பின் வாங்கு."

அதில் கோபம் இல்லை. இன்றைக்கு மழை என்பது போலச் சொன்னாள். பணிப்பாளர் குடையைக் கீழே வைத்தார். நான் சொன்னது உண்மைதான் என்று ஒருவழியாக நிரூபணமாகிவிட்டது.

ஆனால் டீச்சர் அக்கரப்பத்தனையில் வேலை தொடங்கியிருந்தார். அங்கேயும் பிள்ளைகள் நெரிசலில்தான் இருந்தார்கள். பிடுங்கி வர முடியாது. ஆகவே வகுப்பை நானே பிரித்தேன். காலையில் பாதிப் பேர், மத்தியானம் மீதிப் பேர், இரண்டுக்கும் நான். அலுவலக வேலையை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினேன். முதல் வாரம் பாடம் எடுக்கவில்லை, பெயர்களைப் படித்தேன். அந்தச் சிறுமி சிவரஞ்சினி, கூடையோடு வந்த தாயின் மகள். புலமைப்பரிசில் பரீட்சையில் அவள் சித்தியடையவில்லை. ஆனால் வினாத்தாளைக் கடைசி வரி வரைக்கும் வாசித்திருந்தாள். இரண்டாவது டீச்சர் ஒருவழியாக வந்து சேர்ந்தபோது நான் ஓய்வுபெற்றிருந்தேன்.

போன மாதம் மனைவியோடு ஹட்டனில் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண் மாத்திரைகளைக் கையில் வைத்துக்கொண்டு, "என் பேரச் சொல்லுங்க சேர், தாறேன்" என்றாள். கதை அவ்வளவு தூரம் போயிருக்கிறது. நான் நம்பிக்கையோடு, "சிவரஞ்சினி" என்றேன்.

"அவ எனக்கு அடுத்த வருசம் சேர். நீங்க பேரு படிக்கிறதுக்கு முந்தின வகுப்பு நான்."

மருந்துப் பையில் தன் பெயரைப் பெரிதாக எழுதித் தந்தாள். பஸ்ஸில் வழி நெடுக என் மனைவி சிரித்தாள். இப்போது தினமும் மாத்திரையைக் கைக்குள் பொத்திக்கொண்டு, "அந்தப் புள்ள பேரு என்னங்க?" என்று கேட்கிறாள். புவனேஸ்வரி என்று சொன்னால்தான் தண்ணீர் வரும். வீட்டில் விருந்தாளிகள் இருந்தால் இரண்டு தடவை சொல்ல வேண்டும்.