சத்தமில்லாத மின்சாரம்

மீட்டரில் முள் அசையவே இல்லை. டாக்டர் அதை விரல் நுனியால் தட்டிப் பார்த்தார். பல் வலி என்று வருகிறவர்களின் கடைவாய்ப் பல்லை எவ்வளவு கனிவாகத் தட்டுவாரோ, அவ்வளவு கனிவாகத்தான் தட்டினார். முள் மசியவில்லை.

"வெயில் மண்டையைப் பிளக்குது. கரண்ட் மட்டும் வரமாட்டேங்குதே, ஏன் மச்சான்?"

மச்சான் என்பது டாக்டருடைய மனைவியின் தம்பி. படகில் சோலார் பேனல் பொருத்துவது எப்படி என்று உலகத்தில் யார் வீடியோ போட்டிருந்தாலும் அவன் பார்த்திருந்தான். அவன் கையால் இதுவரை ஒரு பல்பைக்கூட மாற்றியதில்லை என்பது வேறு விஷயம்.

"நிழல் விழுது அத்தான்" என்றான், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு கோடு நிழல் விழுந்தாலே மொத்த பேனலும் படுத்துடும்."

டாக்டர் அண்ணாந்து பார்த்தார். படகின் பின்பக்கம் உட்காருகிற இடத்துக்கு மேலே கான்வாஸ் கூரை. அந்தக் கூரையின் மேல் பாய் மாதிரி வளைகிற இரண்டு பேனல்களை விரித்து ஒட்டுவதில்தான் காலையிலிருந்து இருவரும் வியர்வை சிந்தியிருந்தார்கள். கூரைக்கும் மேலே, பாய்மரத்திலிருந்து படுக்கைவாட்டில் ஒரு கம்பம் நீண்டிருந்தது. அதன் நிழல் இரண்டு பேனல்களுக்கும் நட்டநடுவில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல விழுந்திருந்தது.

"இதை ஒட்டறதுக்கு முன்னாடி சொல்லக்கூடாதா?"

"அந்த வீடியோவை இப்பத்தானே பார்க்கறேன்."

டாக்டர் பல் டாக்டர். அவருடைய தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு. எதிரே இருப்பவர் வாயில் எப்போதும் பஞ்சு இருக்கும். டாக்டர் சொல்வதை மறுத்துப் பேச நினைக்கிறவர் அதிகபட்சம் "ஆ" என்றுதான் சொல்ல முடியும். அதை டாக்டர் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். இப்படியே பல வருடம் ஓடியதில், தான் தவறே செய்வதில்லை என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அந்தத் துணிச்சலில்தான் போன வருடம் இந்தப் பாய்மரப் படகை வாங்கினார்.

முதல் பயணத்திலேயே மனைவியை ஏற்றிக்கொண்டு போய், கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மணல்திட்டில் படகை ஏற்றி நிறுத்தினார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டது. சாய்ந்த படகில் சாய்ந்தபடியே பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் மீன்பிடிப் படகுக்காரர்கள் வந்து கட்டியிழுத்துக் கரை சேர்த்தார்கள். டாக்டர் இதை 'அனுபவம்' என்று சொல்லிக்கொண்டார். மனைவி வேலை பார்ப்பது இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில். எது எப்போது எப்படிக் கவிழும் என்று முன்கூட்டியே மோப்பம் பிடிப்பதற்கு அங்கே அவளுக்குத் தனி அறையே கொடுத்திருந்தார்கள்.

இந்த வருடம் எதிரே தெரியும் தீவுக்கு ஒரு வாரம் போய்வர வேண்டும் என்று டாக்டருக்கு ஆசை. பல் மருத்துவர் சங்கம் முழுவதும் சொல்லியாகிவிட்டது. வாயில் பஞ்சோடு படுத்திருந்த அத்தனை பேருக்கும் சொல்லியாகிவிட்டது. மனைவியிடம்தான் பயந்து பயந்து கேட்டார். அவள் மறுக்கவில்லை.

"வர்றேன். ஆனா ஃப்ரிட்ஜ் ஓடணும், ஃபேன் சுத்தணும். அதுக்காக அந்த எஞ்சினைப் போட்டு டர்ருனு சத்தம் பண்ணக்கூடாது. இது மூணும் நடந்தா நான் ரெடி."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கிண்டல் இல்லை, உண்மையாகவே கலங்கிவிட்டது. அவள் இல்லாமல் அந்தத் தீவுக்குப் போய் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்து "எப்படி நம்ம படகு?" என்று ஒரு தடவை கேட்க வேண்டும். அவள் தலையாட்ட வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

அன்றைக்கு அவள் குடையைப் பிடித்துக்கொண்டு படகுத்துறைக்கு வந்தபோது, இருவரும் மீட்டரைச் சுற்றித் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னங்க ஆச்சு?"

"நிழல் விழுதும்மா."

அவள் அண்ணாந்து பார்த்தாள். கம்பத்தின் மேல் பாயை மடித்து வைத்து, நீளமாக ஒரு கான்வாஸ் உறை போட்டு மூடியிருந்தது. "அப்ப நிழல் விழாத இடத்துல வச்சுடுங்களேன். அந்த நீள உறை வெயில்ல சும்மாதானே கிடக்கு?"

டாக்டர் மச்சானைப் பார்த்தார். "கேட்டியா? உங்க அக்காவுக்கு இருக்கற மூளையில கால்வாசி உனக்கு இருந்தா நீ எங்கேயோ போயிருப்பே."

"உறை மேல ஒட்டினா, பாய் விரிக்கும்போது?" என்றான் மச்சான்.

"வெல்க்ரோ போட்டு ஒட்டுவோம். புறப்படும்போது பிச்சு எடுத்துக்கலாம். அவ்வளவுதானே!"

அவ்வளவுதான் என்று காற்று நினைக்கவில்லை. வெல்க்ரோ வைத்து ஒட்டிய மறுநாளே ஒரு பேனல் கரகரவென்று உரிந்து எழும்பியது. பக்கத்துப் படகில் மல்லாந்து படுத்திருந்த ஒருவரின் தொப்பியைத் தட்டிவிட்டு, கௌரவமாகத் தண்ணீரில் போய் இறங்கியது. படகுத்துறைக் காவலாளிதான் நீளக் கொக்கிக் கம்பை நீட்டி அதை இழுத்துக் கொடுத்தார்.

"நல்லா இறுக்கிப் பிடிக்கற மாதிரி ஏதாவது பண்ணுங்க டாக்டர்" என்றார் காவலாளி. நல்ல மனிதர். கேட்காமலே உதவுவார்.

இறுக்கிப் பிடிப்பதற்காகக் கார் சீட் உறை தைக்கும் தையல்காரரை அழைத்து வந்தார்கள். அவர் பேனலின் நான்கு ஓரத்திலும் துணி வைத்துத் தைத்து, உறையோடு ஜிப் போட்டு இணைத்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் மடித்த பாயின் மேல் உறை உருண்டையாக உட்கார்ந்திருந்தது. பேனல்கள் ஆளுக்கொரு பக்கம் சரிந்தன. காலையில் ஒன்று வேலை செய்தது, மற்றது ஓய்வெடுத்தது. சாயங்காலம் ஆளை மாற்றிக்கொண்டன. நடுவில் ஒரு நாள் "மளுக்" என்று சத்தம். டாக்டர் வாழ்நாள் முழுவதும் கேட்ட சத்தம் அது. ஏதோ கீறல் விட்டிருக்கிறது என்று பார்க்காமலே சொன்னார். அதிகமாக வளைந்த இடத்தில் பேனல் உடைந்திருந்தது.

"வளையும்னுதானே சொன்னான் கடைக்காரன்?"

"வளையும் அத்தான். இவ்வளவு வளையாது. இதுக்கும் வீடியோ இருக்கு, இப்பத்தான் கிடைச்சுது."

புதுப் பேனல் வந்தது. அது வளையாமலிருக்க அடியில் அலுமினியப் பட்டைகள் வந்தன. பட்டைகள் நகராமலிருக்க உறையைத் துளைத்து, உள்ளே இருந்த கம்பத்தோடு சேர்த்து போல்ட் முடுக்கினார்கள். துளைபோடும் வேலையை மட்டும் டாக்டர் யாரிடமும் கொடுக்கவில்லை. அதில் அவர் கை தேர்ந்தவர். அலுமினியத்துக்கு வலிக்காமல் போட்டார்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தையல்காரர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "சார், அப்ப நான் தைச்ச ஜிப்பு..."

"பேசாதீங்க. அசையாதீங்க. இப்ப முடிஞ்சுடும்" என்றார் டாக்டர், பழக்க தோஷத்தில். தையல்காரரும் தன்னையறியாமல் வாயைத் திறந்தபடி நின்றார்.

கரண்ட் வந்தது! முள் துள்ளிக் குதித்தது. டாக்டரும் குதித்தார். ஆனால் காற்றடித்தால் போல்ட்டுகள் கடகடவென்று ஆடின. மனைவி வந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க, இந்தச் சத்தத்துக்கு அந்த எஞ்சினே பரவாயில்லை போலிருக்கே."

டாக்டர் முகம் தொங்கிப்போயிற்று. அவள் மனம் இளகிவிட்டது.

"உங்க கிளினிக்ல ஒரு சிமென்ட் வச்சிருப்பீங்களே, அதைப் போட்டா என்ன? நீங்க கட்டின பல்லு ஒண்ணுகூட இதுவரைக்கும் ஆடினதில்லையே."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருடைய தொழிலைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் டாக்டரைப் பிடித்து நிறுத்த யாரால் முடியும்? கிளினிக்கை மூடிவிட்டு டப்பா டப்பாவாகச் சிமென்ட்டை எடுத்து வந்தார். ஒவ்வொரு போல்ட்டையும் சுத்தம் செய்து, உலர்த்தி, சுற்றிலும் சிமென்ட் பூசி, பல்லுக்குக் காட்டுகிற நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தார். ஜிப்பின் பற்களையும் விடவில்லை. பல் என்று பெயர் வைத்த எதையும் சொத்தையாக விட அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் ஒரு போல்ட்டைப் பிடித்து மச்சான் தொங்கியே பார்த்தான். அசையவில்லை.

இனி ஃப்ரிட்ஜும் ஃபேனும் இராத்திரியும் ஓட வேண்டுமே? பேட்டரி பத்தாது என்றான் மச்சான். இன்னும் இரண்டு பேட்டரி வேண்டும், அதை வைக்கப் படகில் இடம் வேண்டும். எண்ணெய் டாங்கியும் எஞ்சினும்தான் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றன.

"இனிமே எஞ்சின் எதுக்குங்க?" என்றாள் மனைவி. "அந்தப் புகை வாசனையை நினைச்சாலே எனக்குத் தலைவலி."

"அதானே! பாய்மரப் படகுல எஞ்சின் வச்சுக்கறதே அவமானம்" என்றார் டாக்டர். எஞ்சினைக் கழற்றிக் கடையில் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இரண்டு பேட்டரிகளை வாங்கி வந்தார். அவர் மனம் மாறித் திரும்பி வருவதற்குள் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார்.

புறப்படும் நாளும் வந்தது. பல் மருத்துவர் சங்கத்திலிருந்து ஒரு பட்டாளமே வழியனுப்ப வந்திருந்தது. எல்லாரும் பளிச்சென்று சிரித்தார்கள். மனைவி இரண்டு தலையணை, ஒரு கட்டுப் புத்தகம், ஒரு போர்வையோடு படகில் ஏறினாள். ஃப்ரிட்ஜைத் திறந்தாள். ஐஸ் கட்டியாக உறைந்திருந்தது. ஃபேன் சுழன்றது. சத்தம் என்பது பேருக்குக்கூட இல்லை.

"எப்படி நம்ம படகு?" என்றார் டாக்டர்.

அவள் தலையாட்டினாள். டாக்டருக்கு அந்தத் தலையாட்டலே போதும்போல இருந்தது. ஆனால் சங்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறதே! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கயிற்றை அவிழ்த்து விடுங்க!" என்று குரல் கொடுத்தார். காவலாளி ஒரு கயிற்றை மட்டும் நிதானமாக அவிழ்த்தார்.

டாக்டர் பாயை ஏற்றுகிற கயிற்றைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மச்சானும் சேர்ந்து இழுத்தான். வரவில்லை. கரையிலிருந்து மூன்று பல் டாக்டர்கள் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் படகில் குதித்தார்கள். வேர் ஆழமாக ஓடிய கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதுபோல ஆட்டி ஆட்டி இழுத்தார்கள். அதுவும் பலிக்கவில்லை.

எல்லாரும் கம்பத்தைப் பார்த்தார்கள். மேலே பேனல். அதன் கீழே அலுமினியப் பட்டை. அதன் கீழே உறை. உறையைத் துளைத்துக்கொண்டு வரிசையாக போல்ட். போல்ட்டைச் சுற்றிச் சிமென்ட். இத்தனைக்கும் அடியில், பத்திரமாக, பாய்.

"இதுக்கு வீடியோவே இல்லையே அத்தான்" என்றான் மச்சான் மெதுவாக.

சங்கத்தின் செயலாளர் ஒரு போல்ட்டைத் தடவிப் பார்த்தார். "சுத்தமான வேலை. எந்த சிமென்ட்? எத்தனை வருஷம் தாங்கும்?"

"பதினஞ்சு வருஷத்துக்கு கேரண்டி" என்றார் டாக்டர் பெருமையாக. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மனைவி கோபிக்கவில்லை. கத்தவில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து ஜூஸை எடுத்து ஐஸ் போட்டு ஒரு டம்ளர் அவரிடம் நீட்டினாள். "விடுங்க, போனாப் போகுது. இந்த ஒரு வாரமும் இங்கேயே இருந்துட்டுப் போவோம். காத்து நல்லாத்தானே வருது?" தலையணையை முதுகுக்குக் கொடுத்து, புத்தகத்தைப் பிரித்தாள்.

அந்தப் பெருந்தன்மைதான் டாக்டரைக் கொன்றது. வழியனுப்ப வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தபடி கலைந்துபோனார்கள். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கரையில் இறங்கினார். காவலாளி அவிழ்த்த கயிற்றை மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் என்னாலதான்" என்றார் டாக்டர். "பாவம், எவ்வளவு ஆசையா மூட்டை கட்டிட்டு வந்தா! வெளியில காட்டிக்கல. உள்ளுக்குள்ள அவ எப்படி ஏமாந்து போயிருப்பா?"

காவலாளி முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"அட நீங்க வேற டாக்டர்! எதுக்கு மேல பேனலை வச்சா இந்தப் படகு துறையை விட்டு நகராதுன்னு, நீங்க பேனல் வாங்கறதுக்கு முன்னாடியே அம்மா வந்து கேட்டாங்க. அந்த உறையைக் காட்டினதே நான்தானே?"